சோபாவுக்கு ஒரு விரிப்பு

ஜூன் 5, வியாழன்

பூங்கொடியைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கரூரில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாதான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது என்று அனுப்பி வைத்தார். கர்ப்பப்பை வாய் காலத்துக்கு முன்பே திறக்கப் பார்க்கிறதாம். இன்று காலை அதற்குத் தையல் போட்டார்கள். இனிப் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. கட்டிலின் கால்மாட்டை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அவள் தலை சரிவில் கிடக்கிறது.

இந்த டைரி, நான் வேலை செய்யும் பஸ் பாடி கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் வெள்ளையாகக் கிடந்தது. கொடிதான் பையில் எடுத்துப் போட்டிருக்கிறாள்.

"பேசத்தான் மாட்டீங்க. எழுதவாச்சும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

இட்லி. மாத்திரை. ஸ்கேன். சரியாக இருக்கிறது என்றார்கள்.

ஜூன் 9, திங்கள்

ஏற்பாடு ஒருவழியாகப் படிந்துவிட்டது. ராத்திரி அறையில் கொடியின் அம்மா, அதாவது அத்தை, படுத்துக்கொள்கிறார். நான் பக்கத்து லாட்ஜில். பகலில் அத்தை போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வருவார், நான் கட்டில் பக்கத்தில். கம்பெனியில் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் பிரேம் பொருத்தும் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வை. போனில் சொன்னாலே பசங்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இருபத்து நாலாவது வாரம் தாண்டிவிட்டால் நல்லது என்று டாக்டர் சொன்னார். போன தடவை எந்த வாரம் என்று அவர் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த காகிதத்தில் இருந்திருக்கும்.

கொடி மதியம் முழுக்க மேலே சுற்றாமல் நிற்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, கரூர் போறப்ப என்ற பீரோவுல அஞ்சு இஞ்ச் பேக் ஒண்ணு இருக்கும். எடுத்துட்டு வாங்க. ஊசி, நூலு, சின்னக் கத்திரி எல்லாம்."

அவள் வேலை செய்வது ஏற்றுமதி கம்பெனியில், பேக்கிங் பிரிவில். வெளிநாட்டில் பொழுதுபோக்காகப் போர்வை தைக்கிற பெண்களுக்காக, துணியை ஐந்து அங்குலச் சதுரமாக மெஷினில் வெட்டி, விதவிதமான டிசைன்களை அடுக்கி, ரிப்பன் கட்டி அனுப்புவார்கள். வெட்டுகிற வேலையே இல்லாமல் அப்படியே ஒட்டித் தைக்க வேண்டியதுதான். எட்டு வருடமாக அதைக் கட்டிக் கட்டி அனுப்பியவள், ஒன்றுகூடத் தைத்துப் பார்த்ததில்லை.

"தச்சு என்ன பண்ணப் போற?"

"சோபாவுக்கு விரிப்பு."

எங்கள் வீட்டில் சோபா கிடையாது.

ஜூன் 12, வியாழன்

கொண்டுவந்து கொடுத்தேன். ரிப்பனை அவிழ்த்ததும் அவள் முகம் மாறியது. பூப்போட்டது, புள்ளி போட்டது, கோடு போட்டது என்று வயிற்றின் மேலேயே பரப்பினாள். ஓரமெல்லாம் நூல் பிரியாமலிருக்கப் பல் பல்லாக வெட்டியிருக்கிறது.

போனில் ஒரு வெள்ளைக்காரம்மா தைக்கும் வீடியோ பார்த்தோம். முதன்முதலாகத் தைப்பவர்களுக்காம். இரண்டு சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். விரித்தால் இரண்டும் ஒட்டியிருக்கும். இப்படியே ஒரு வரிசை. பிறகு வரிசையோடு வரிசை. அந்த அம்மா மெஷினில் பேசிக்கொண்டே முடித்துவிட்டார்.

கொடி ஊசியை எடுத்தாள். கை நடுங்கியது. வயிறு இறுகாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை அப்படிப் பண்ணுமாம். நூலைக் கோர்க்க முடியவில்லை. நான் கோர்த்துக் கொடுத்தேன். முதல் தையலே கோணலாகப் போய் விரலில் குத்திக்கொண்டாள். ஊசியைத் தலையணையில் செருகிவிட்டு மறுபடி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"கொண்டா" என்றேன்.

"நீங்களா?"

"பஸ்ஸுக்கே பாடி கட்டறோம். இது துணிதான?"

வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். "மெதுவாச் சிரி. தையல் போட்டிருக்குது" என்று அத்தை வாசலிலிருந்து அதட்டினார்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு சதுரம் ஒட்டினேன். ஒன்றை நல்ல பக்கம் வெளியே வைத்துத் தைத்திருக்கிறேன். பிரித்தேன்.

ஜூன் 16, திங்கள்

கட்டம் போடுவது கொடி, தைப்பது நான். ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு. ஒரே மாதிரி இரண்டு பூ பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது என்கிறாள். படுத்தபடியே ஒவ்வொன்றாக நீட்டுவாள்.

பஸ்ஸில் ஜன்னலுக்கும் பிரேமுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வந்தால் ரப்பர் பீடிங் கொடுத்து அடைத்துவிடலாம். துணியில் அந்த வழி கிடையாது. ஒன்று கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டால் அடுத்தது இழுத்துக்கொள்கிறது. மூலைகள் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்காமல் நிற்கின்றன. கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். இப்போது ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு தைக்கிறேன். இஸ்திரி போட வழியில்லாததால் தையலைக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்துப் படிய வைக்கிறேன்.

பச்சைச் சதுரங்களைத் தனியே எடுத்துக் கவரில் போட்டுவிட்டேன். மற்ற நிறத்தோடு ஒத்து வரவில்லை.

ஜூன் 21, சனி

இன்று அத்தை கேட்டுவிட்டார். நேரே என்னிடம் கேட்கவில்லை. கொடியிடம்.

"என்ன கண்ணு இது, மாப்ள நாள்பூரா ஊசியும் கையுமா உக்காந்திருக்கறாரு?"

"சோபாவுக்கும்மா."

"இத்தனாம் பெருசுலயா சோபாவுக்கு?" அத்தை தைத்திருந்த இரண்டு வரிசையையும் விரித்துப் பார்த்தார். வரிசையின் நீளம் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கும் அளவுதான். துணியைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார், சுட்டது மாதிரி. "பொறக்கறக்கு முன்னால எதும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. போன தடவையே நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டயா? தொட்டில் கம்பி மொதக்கொண்டு வாங்கி வெச்சீங்க."

சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்காமலே போனாள்.

"சோபாவுக்குத்தாம்மா" என்று கொடி மறுபடியும் சொன்னாள்.

தொட்டில் கம்பி பரணில் இருக்கிறது. நான்தான் ஏற்றி வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் சொன்ன வாரம் தாண்டிவிட்டது. அத்தை கேண்டீனில் கேசரி வாங்கிவந்து, "சும்மா, தின்னோணும் போல இருந்துச்சு" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

கரூரிலிருந்து திரும்பி வந்தபோது கொடியின் தலையணை ஓரத்தில் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. எல்லாவற்றிலும் நூல் கோர்த்து, முனையில் முடிச்சுப் போட்டு. கிட்டத்தில் இருப்பது எனக்கு மங்கலாகத்தான் தெரியும். நூல் கோர்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலை.

"நீ கோத்தயா?" என்று கொடியிடம் கேட்டேன். அவள் கண்ணாலேயே அத்தையைக் காட்டினாள்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துண்டை உதறிக்கொண்டே சொன்னார். "நூல் கோக்கறது தைக்கறதுல சேராது மாப்ள."

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதச் சொன்னவள் அவள்தானே.

மத்தியானம். அத்தை லாட்ஜுக்குத் தூங்கப் போயிருந்தார். நாலாவது வரிசைக்குத் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"பேக்ல பச்சை இருக்குமே. எங்கீங்க?"

"நல்லால்லன்னு எடுத்து வெச்சுட்டேன்."

"நான் கட்டுன பேக். எதுக்குப் பக்கத்துல எது நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "அவன என்னத்துல சுத்துனீங்க?"

குழந்தை தவறிப்போன இந்த இரண்டு வருடத்தில் இதை அவள் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நானும் சித்தப்பாவும் இடுகாட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தோம். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

கையிலிருந்த தையலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆஸ்பத்திரில ஒரு பச்சைத் துணில சுத்திக் குடுத்தாங்க. ஆப்ரேசனுக்குப் போடறது. மையில ஏதோ நெம்பர் எழுதியிருந்துச்சு."

"அதோடயா வெச்சீங்க?"

"இல்ல. அங்க போயி அத எடுத்துட்டு என்ற துண்டுல சுத்துனேன்."

"எந்தத் துண்டு?"

"நீலக்கரை போட்டது. தோள்ல போட்டிருந்தனே."

"அதா? அது மெத்துனு இருக்கும்."

"ம்."

"மொகத்த மூடுனீங்களா?"

"கடைசிலதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"யாரு மாதிரி இருந்தான்னு இன்னொரு நாளைக்குச் சொல்லுங்க. இன்னைக்கு வேண்டாம். ஆனா இதுக்குன்னு ஒண்ணு தச்சு வெச்சரோணும். நல்லபடியா வந்தாலும் செரி, வராட்டியும் செரி. அதுக்குன்னு சொந்தமா ஒண்ணு இருக்கோணும். அந்நேரத்துக்கு நீங்க தோள்ல இருக்கறத எடுத்துட்டு நிக்கக் கூடாது."

பிறகு, "பச்சையையும் வைங்க. துணி என்ன பண்ணுச்சு பாவம்" என்றாள்.

நாலாவது வரிசையில் இன்று ஒரு கட்டம்தான் முடிந்தது.

ஜூலை 4, வெள்ளி

மூன்றாவது வரிசையை மறுபடி பார்த்தேன். மூலைகள் சரியாக உட்காரவில்லை. பிரித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாவது வரிசை முடிந்தது. அதைத் தைத்ததில் இரண்டாவது வரிசை கோணலாகத் தெரிகிறது. அதையும் பிரிக்க வேண்டும். கொடிக்கு நேற்றும் இன்றும் ஊசி போட்டார்கள். சீக்கிரம் பிறந்தாலும் குழந்தையின் நுரையீரல் தாங்குவதற்காம்.

ஜூலை 11, வெள்ளி

பிரித்ததைத் தைத்தேன். நாலாவதை முடித்தேன். ஐந்தாவதில் ஒரு பூ தலைகீழாக வந்துவிட்டது. யாருக்கும் தெரியாது என்று கொடி சொல்கிறாள். எனக்குத் தெரிகிறதே.

ஜூலை 14, திங்கள்

நான் பிரித்துக்கொண்டிருப்பதைக் கொடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரிப்பதற்கென்றே கூர்மையாக ஒரு சின்னக் கருவி இருக்கிறது, கம்பெனியிலிருந்து அவள் கொண்டுவந்தது. அதை என் கையிலிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க முடிக்கவே கூடாதுன்னு தைக்கறீங்க" என்றாள்.

"சும்மா இரு. வேலைன்னா சுத்தமா இருக்க வேண்டாமா?"

"சுத்தமாத்தான் இருக்குது."

லாட்ஜுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், கத்திரி என் சட்டைப் பையிலேயே இருந்தது. பிரிக்க அதுவும் போதும்.

ஜூலை 18, வெள்ளி

மேல் துணி முழுவதும் ஒன்றாகிவிட்டது. ஆறு வரிசையும். விரித்துக் கட்டிலின் கம்பியில் போட்டோம். கிட்டே நின்று பார்த்தால் கோணல்தான். வாசலில் நின்று பார்த்தால் நன்றாக இருக்கிறது. கீழே வைக்கப் பஞ்சு ஷீட்டும் பின்பக்கத்துக்கு ஒரு துணியும் வேண்டும். அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்று சொன்னேன்.

ஜூலை 19, சனி

பனிக்குடம் உடைந்துவிட்டது. தையலைப் பிரித்துவிட்டார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

பெண். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுதாள். பூனைக்குட்டி மாதிரிதான், ஆனால் அழுதாள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

கொடி நன்றாக இருக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஐ.சி.யூ.வுக்குள் ஒரு ஆள்தான் போகலாம். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். உடம்பெல்லாம் ஒயர். என் நடுவிரல் நீளம்தான் அவள் முன்கை. தோல் வழியாக ரத்தம் ஓடுவது தெரிகிறது.

கொடியைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன், தள்ளுவதற்காக என்னையும் விட்டார்கள். இத்தனை நாள் படுத்தே கிடந்ததில் அவளுக்குக் கால் நிற்கவில்லை. நாற்காலியை நிறுத்தும் முன்பே முன்னால் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் அவளிடம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

அங்கே பொறுப்பில் இருப்பவர் ஜெனிட்டா சிஸ்டர். நாகர்கோவில்காரர். வாசலுக்கு வந்து, குழந்தைக்கு வெளிச்சம் ஆகவில்லை என்றார். வயிற்றுக்குள் இன்னும் இருட்டில் இருக்க வேண்டியவள். விளக்குப் பட்டாலே முகத்தைச் சுளிக்கிறாள், இதயத் துடிப்பு ஏறி இறங்குகிறது. பெட்டியின் மேல் கனமான துணி போட்டு மூடி வைத்தால் தூங்குவாள். தூங்கினால்தான் எடை ஏறும்.

"எங்க கவரெல்லாம் மத்த பெட்டிக்குப் போட்டாச்சு சார். வீட்டுல இருந்து கொஞ்சம் கனமா துணி ஏதாவது உண்டுமா? துவைச்சு, நாங்க சுத்தம் பண்ணிப் போட்டுக்கிடுவோம்."

"இல்லீங்க" என்றேன்.

எனக்குப் பின்னால் அத்தையின் குரல். "இருக்குதுங்க சிஸ்டர். இன்னும் முடியல. நாளைக்குத் தாறோம்."

திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் பஞ்சு ஷீட்டும் மஞ்சளில் மெத்தென்ற பருத்தித் துணியும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கீழே பஞ்சு, அதன்மேல் மஞ்சள் துணி, அதன்மேல் கட்டம் போட்ட துணியைக் குப்புற. சுற்றிலும் தைத்து, ஒரு கை நுழையும் அளவுக்கு வாய் விட்டு, அதன் வழியாக உள்ளே இருப்பதை வெளியே இழுத்தால் தலையணை உறை மாதிரி திரும்பிக்கொள்ளும். ஒரு பக்கத்திலிருந்து நான் ஆரம்பித்தேன். அத்தை ஒரு ஊசியில் நூல் கோர்த்தார். என்னிடம் நீட்டுவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. அடுத்த பக்கத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே குத்த ஆரம்பித்தார்.

"அத்தை, நீங்க..."

"பொறந்துட்டாளே மாப்ள. இனி ஆரு வேண்ணாத் தைக்கலாம்."

அத்தையின் தையல் என்னுடையதைவிட நெருக்கம். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவர் ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டார். பஞ்சு நகராமலிருக்க நாலு கட்டம் கூடும் மூலைகளில் நூலை விட்டு இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். அதற்குக் கொடியிடம் கொண்டுபோனோம். அவளுக்குக் கையை நடுங்க வைத்த அந்த மாத்திரையை நிறுத்தியாயிற்று. முடிச்சுகள் எல்லாம் அவள் போட்டாள்.

ஒரு இடத்தில்கூட நான் பிரிக்கவில்லை. பிரித்துத் தைத்தும் போகாத இரண்டாவது வரிசையின் கோணல் அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

போட்டிருக்கிறார்கள். பெட்டியின் மூன்று பக்கமும் சரியாக இறங்குகிறது. தூங்குகிறாள். இதயத் துடிப்பைக் காட்டும் மிஷினில் ஓடும் கோடு இப்போது சமமாக ஓடுகிறது.

ஜூலை 30, புதன்

கொடியின் பாலைக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். ஒரு ஸ்பூன்கூட இராது. எடை முதலில் குறைந்து, நேற்றிலிருந்து ஏறுகிறது. அத்தை கேண்டீனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. கிருமித் தொற்று என்கிறார்கள். மறுபடி மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். உள்ளே யாரையும் விடவில்லை.

ஜெனிட்டா சிஸ்டர் வெளியே வந்து போர்வையை மடித்து என் கையில் கொடுத்தார். "உள்ள வேலை நடக்கு சார். வெளிச்சம் வேணும். நீங்க வச்சிருங்க."

வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெஞ்சில் கொடிக்கும் எனக்கும் நடுவே வைத்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எதற்காகத் தைத்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அத்தை வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு எங்கள் நடுவிலிருந்து அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நான் வெச்சுக்கறேன். நீங்க போயி எதாச்சும் சாப்புட்டு வாங்க" என்றார்.

போகவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அப்படியேதான். டாக்டர், பார்க்கலாம் என்கிறார்.

கொடி, அவன் யாரு மாதிரி இருந்தான் என்று கேட்டாள். சொன்னேன். மூக்கு அவளுடையது. நெற்றி என் அப்பாவுடையது. காது மடல்கள் இன்னும் விரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு எனக்கு ஞாபகம் இருந்தது எனக்கே தெரியாது. கொடி அழுதாள். நானும். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

போர்வையைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். சுதந்திர தினம் என்று வாசலில் தேசியக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அத்தை இரண்டு தடவை போய் வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 27, புதன்

ஒரு வாரமாகக் கொடியின் நெஞ்சில் படுக்க வைக்கிறார்கள். துணி எதுவும் நடுவில் இல்லாமல், தோலோடு தோலாக. அப்படி வைத்தால் குழந்தைக்குச் சூடும் நிற்கும், மூச்சும் சீராகும், எடையும் ஏறும் என்கிறார்கள்.

இன்று கொடிக்கு லேசான காய்ச்சல். ஜெனிட்டா சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க சார்."

"நானா? நெஞ்செல்லாம் முடியா இருக்குங்க."

"அவளுக்கு அது தெரியவா போவுது? உக்காருங்க."

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். தூக்கி வந்து நெஞ்சில் வைத்தார். கனமே இல்லை. சூடு மட்டும்தான் தெரிந்தது. ஒரு கன்னத்தை என் நெஞ்சில் வைத்து, தவளை மாதிரி கை காலை மடக்கிக்கொண்டாள். மேலே அந்தப் போர்வையைப் போர்த்தினார் சிஸ்டர். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "நீங்க மூச்சு விடுங்க சார். அதக் கேட்டுத்தான் அவளும் விடுவா" என்றார்.

விட்டேன்.

பிறகு எதுவும் எண்ணவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொடி நாற்காலியில் முகமூடியோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வயிற்றில் வெதுவெதுவென்று ஏதோ இறங்கியது. ரத்தமோ என்று பதறி, "சிஸ்டர்!" என்று கத்திவிட்டேன்.

ஓடி வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணுக்குப் போயிருக்கா சார். டயப்பர் நழுவியிருக்கு."

என் வயிறு, வேட்டி, போர்வையின் மஞ்சள் பக்கம் எல்லாம் நனைந்துவிட்டது. மன்னிக்கச் சொல்வது மாதிரி சிஸ்டர் போர்வையைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொடியும் சிரித்தாள். இப்போது மெதுவாகச் சிரி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வீடு. இரண்டு கிலோ ஆகிவிட்டது. பரணிலிருந்து தொட்டில் கம்பியை இறக்கித் துடைத்துக் கட்டினேன். அத்தை ஆரத்தி எடுத்தார். பெயர் ஆதிரை என்று கொடி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் எப்போதோ முடிவு பண்ணியிருக்கிறாள்.

அக்டோபர் 23, வியாழன்

எழுதி நாளாயிற்று. நேரமில்லை.

நாலு நாளாக மழை. அந்தப் போர்வை இல்லாமல் ஆதிரை தூங்குவதில்லை, அதைத்தான் தினமும் நனைக்கிறாள். துவைத்து வராண்டாவில் போட்டால் காய்வதாயில்லை. இன்று கம்பெனிக்குக் கொண்டுபோய், பஸ்ஸுக்குப் பெயிண்ட் காய வைக்கிற சூட்டுக் கொட்டகையில் கம்பியில் தொங்க விட்டேன். பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது எந்த வண்டிக்குங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காய்ந்த துணியை மடித்து, நனையாமல் சட்டைக்குள் வைத்துப் பைக்கில் கொண்டுவந்தேன்.

கால் மணி நேரம்கூட இல்லை. மறுபடி நனைத்துவிட்டாள்.

இப்போது அது துணிக்கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஆதிரை அழ ஆரம்பித்துவிட்டாள். தொண்டை நன்றாகத் திறந்துவிட்டது, தெருமுனை வரைக்கும் கேட்கும். பூங்கொடி இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள்.

சட்டையைக் கழற்றிவிட்டேன். போய்க் குழந்தையை நெஞ்சில் எடுத்துக்கொள்கிறேன்.